73க்கு 4: கிளாரினெற் கலைஞர் சபீனே மையர்

நூற்றாண்டு மலர் என்றால் அதில் எமது கல்லூரியின் கதையும் எமது ஆசிரியைகளின் கதையுமே நிறைந்திருப்பது முறை. அவை இம்மலரின் மற்றப் பக்கங்களில் நிறைய உண்டு. இந்தச் சில பக்கங்களில் மட்டும் இன்னொரு நிறுவனத்தின் நூற்றாண்டைப் பற்றியும், அந்த ஆண்டிலே அங்கு எழுந்த ஒரு பிணக்கைப் பற்றியும், அந்தப் பிணக்கின் நடுவே நின்ற 23 வயதுப் பெண் ஒருவரைப் பற்றியும் எழுத விரும்புகிறோம்.

அந்த நிறுவனம் பேர்லின் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழு. 1882இல் தொடங்கியது. 1982இல் நூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது உலகின் தலைசிறந்த வாத்தியக்குழு எது என்று கேட்டால் பலரும் முதலில் சொல்லும் பெயர் அதுதான். ஆனால் அந்த நூறு ஆண்டுகளாக அதன் நிரந்தர உறுப்பினர் வரிசையில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. நூற்றாண்டு ஆண்டிலேதான் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மடலேன் கறுஸோ என்ற வயலின் கலைஞர் முதற் பெண்ணாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டார். அதே காலத்தில் இன்னொரு கதிரைக்கு இன்னொரு பெண்ணின் பெயர் வந்தது. அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

அதற்கு முன் அந்த வாத்தியத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். எமது மேலைத்தேய வாத்தியக்குழுவில் அதனைத் தூக்கிக்கொண்டு விளையாட்டுப் போட்டி நாளில் வெயிலில் நடந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காக: கிளாரினெற் கரிய மரத்தாலான ஒரு குழல். அதன் வாய்ப்பகுதியில் நாணலில் சீவிய ஒற்றைத் தகடு ஒன்று கட்டப்பட்டிருக்கும். எமது நாதஸ்வரத்துச் சீவாளி இரட்டை நாக்குக் கொண்டது. இதற்கு ஒரு நாக்குத்தான். 1700ஆம் ஆண்டளவில் ஜேர்மனியின் நியூரம்பேர்க் நகரில் யோஹான் கிறிஸ்ரொப் டென்னர் என்ற வாத்தியக் கைவினைஞர் இதனை உருவாக்கினார் என்பர். கீழ்ச் சுரங்களில் அடித்தொண்டைக் குரல்போலக் கனத்தும், மேலே போகப் போகத் தெளிந்தும் ஒலிப்பது இதன் இயல்பு. தமிழர் காதுக்கும் இது அந்நியமல்ல. தஞ்சாவூரில் சதிர்க் கச்சேரிகளின் பின்னணியில் முகவீணை இருந்த இடத்துக்கு இது வந்து சேர்ந்தது. பின்னாளில் ஏ.கே.சி. நடராஜன் இதனைக் கர்நாடக சங்கீதத்தின் முதன்மை வாத்தியமாகவே மேடையேற்றி, 2008இல் சென்னை மியூசிக் அக்கடமியின் சங்கீத கலாநிதி விருதையும் பெற்றார்.

ஆனால் காற்று வாத்தியம் என்றாலே அது ஆண்களுக்குரியது என்ற எண்ணம் இங்கும் இருந்தது, அங்கும் இருந்தது. ஐரோப்பிய மேட்டுக்குடிப் பெண்ணுக்குப் பியானோவும் யாழும் பாட்டும் பொருத்தம். கன்னம் உப்ப, முகம் சிவக்க ஊதுவது அழகல்ல என்றார்கள். எமது ஊரில் வீட்டுப் பெண்பிள்ளைக்கு வீணையும் வாய்ப்பாட்டும் என்று வகுத்ததற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாதஸ்வரத்தைக் கையிலெடுத்து எத்தனை கண்களுக்கு முன்னால் ஊதவேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

அந்த எண்ணத்தையும் மீறி ஊதியவர்கள் இருந்தார்கள். 1794இல் பிறந்த கரோலீனே ஷ்லைகர் என்பவர் கிளாரினெற்றில் தனிக் கச்சேரி செய்த பெண்களுள் நாம் பெயர் அறிந்த முதல்வர். தந்தை பசூன் வாசிப்பவர். மகள் குடும்பத்தோடு ஊரூராகச் சென்று வாசித்தார். பின்பு வியன்னாவில் ஓபோ கலைஞர் ஒருவரை மணந்து அங்கேயே குடியேறினார். 1837இல் கணவர் இறந்தார். பிள்ளைகளோடு தனித்து நின்ற அந்தப் பெண்ணின் பெயர் அதன்பிறகு கச்சேரிச் செய்திகளில் குறைந்துவிடுகிறது. 1873 வரை வாழ்ந்தார் என்பதைப் படிக்கும்போது, இடையில் கழிந்த அந்த முப்பத்தாறு ஆண்டுகளையே நாம் எண்ணுகிறோம்.

இங்கிலாந்தில் தியா கிங் இருந்தார். 1925இல் பிறந்தவர். தமது ஆசிரியரான பிறெடெரிக் தேர்ஸ்ரனை 1953 ஜனவரியில் மணந்தார். அதே ஆண்டு டிசெம்பரில் விதவையானார். அதன்பின் பல பத்தாண்டுகள் லண்டனின் வாத்தியக்குழுக்களில் முதல் கிளாரினெற் கதிரையில் இருந்தார். எவரும் தூசுதட்டாத பழைய ஆக்கங்களைத் தேடியெடுத்து இசைத்தட்டுகளில் பதிவுசெய்தார். 2001இல் டேம் பட்டம் பெற்றார். சத்தமில்லாமல் வேலை செய்து முடித்தவர். அவரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.

சபீனே மையரின் கதையில் சத்தம் அதிகம். அந்தச் சத்தம் அவர் எழுப்பியதல்ல.

1959இல் தென் ஜேர்மனியின் கிறைல்ஸ்ஹைம் என்ற சிறு நகரில் பிறந்தார். தந்தையும் கிளாரினெற் வாசிப்பவர். அவரே முதல் ஆசான். அண்ணன் வொல்வ்காங்கும் அதே வாத்தியந்தான். ஸ்ருட்காட்டில் ஒற்ரோ ஹேர்மனிடமும், பின்பு ஹனோவரில் ஹான்ஸ் டைன்ட்ஸரிடமும் கற்றார். ஹனோவர் வகுப்பில் உடன் படித்த றைனர் வேலே பின்னாளில் அவருடைய கணவரானார். ஆக, ஒரே வீட்டில் ஒரே வாத்தியத்தை வாசிக்கும் மூவர்! அந்த வீட்டில் அயலவர்களின் பொறுமையைப் பற்றி எவரும் எழுதிவைக்கவில்லை. படிப்பு முடிந்ததும் மியூனிக்கில் பவேரிய வானொலி வாத்தியக்குழுவில் வேலை கிடைத்தது. அதுவே பலருக்கு ஆயுள் முழுவதும் போதுமான பதவி.

அப்போது பேர்லினில் முதல் கிளாரினெற் கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது. 1955 முதல் அந்தக் குழுவை நடத்திவந்த ஹேர்பேர்ட் வொன் கராஜன் இவரைக் கேட்டார். கேட்டதும் இவரே வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார்.

இங்கே அந்தக் குழுவின் யாப்பை விளங்கிக்கொள்ளவேண்டும். சங்கம் நடத்திப் பழகிய எமக்கு அது எளிதில் விளங்கும். பேர்லின் பில்ஹார்மோனிக்கில் புதிய உறுப்பினரைச் சேர்ப்பது தலைமை நடத்துநர் அல்லர், உறுப்பினர்களே. வந்து வாசித்துக் காட்டவேண்டும், தகுதிகாண் காலம் ஒன்றைக் கடக்கவேண்டும், முடிவில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கும் பெறவேண்டும். தலைமை நடத்துநரைத் தெரிவுசெய்வதும் அவர்களே. இந்த உரிமையை அவர்கள் தம் கண்ணைப்போலக் காத்துவந்தார்கள். கராஜனோ நடத்துநர் மட்டுமல்லர். ஒலிப்பதிவு, தொலைக்காட்சி, சால்ஸ்பேர்க் விழா என அவர்களுடைய வருமானத்தின் பெரும்பகுதிக்கு வாசலாக இருந்தவர். முதுமையும் நோயும் வந்து, அவருக்கும் குழுவுக்கும் இடையில் முன்பே கசப்பு இருந்தது.

சபீனே மையரை ஏற்பதா என்ற வாக்கெடுப்பில் 73 பேர் வேண்டாம் என்றனர். 4 பேர் வேண்டும் என்றனர்.

குழு சொன்ன காரணம், அவருடைய நாதம் மற்றக் காற்று வாத்தியங்களோடு ஒன்றவில்லை, தனித்துத் தெரிகிறது என்பது. கராஜனும் வெளியிலிருந்து பார்த்த பலரும் அதனை நம்பவில்லை. பெண் என்பதே காரணம் என்றார்கள். கராஜன் குழுவுக்குக் கடிதம் எழுதினார்: ஒப்பந்தத்தில் உள்ள கச்சேரிகளை மட்டும் நடத்துவேன், பயணங்கள், விழாக்கள், ஒலிப்பதிவுகள் எல்லாம் நிற்கும் என்றார். நிர்வாகத் தலைவராக இருந்த பீற்றர் கேர்த், குழுவின் சம்மதமின்றியே மையருக்கு ஓராண்டுத் தகுதிகாண் ஒப்பந்தத்தை வழங்கினார். வாத்தியக்காரர் கொதித்தெழுந்தனர். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். கேர்த் கடைசியில் பதவியை இழந்தார்.

இந்தக் கதையை எம்மிற் பலர் ஒரே வரியில் சொல்லிவிடுவர்: பெண் என்பதற்காக ஒதுக்கினார்கள். நாமும் முதலில் அப்படித்தான் சொல்ல நினைத்தோம். ஆனால் இதில் இரண்டு நியாயங்கள் ஒன்றையொன்று முட்டுகின்றன என்பதை மறைத்தால் வரலாறு எழுதியதாகாது. தாம் தெரிவுசெய்யாத ஒருவரை மேலிடத்தில் உள்ளவர் திணிப்பதை எந்தச் சங்கமும் எதிர்க்கும். எமது பொதுக்கூட்டத்தில் தலைவி ஒருவர் அப்படிச் செய்திருந்தால் நாம் பேசாமல் இருந்திருப்போமா? அந்த 73 பேரில் எத்தனை பேர் மையருக்கு எதிராகக் கையுயர்த்தினர், எத்தனை பேர் கராஜனுக்கு எதிராக உயர்த்தினர் என்பதை எண்ணிப் பிரிக்க வழியில்லை.

அதே ஆண்டில் கறுஸோவை ஏற்றுக்கொண்டார்களே, பிறகு பெண் என்பது எப்படித் தடையாகும் என்று கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வி எமக்குத் திருப்தி தருவதில்லை. வயலின் வரிசையில் அமர்பவர் இருபது முப்பது பேரில் ஒருவர். அவரது ஒலி கூட்டத்தில் கரையும். முதல் கிளாரினெற் கதிரை அப்படியல்ல. மண்டபம் முழுவதும் அமைதியாக இருக்க, அந்த ஒருவர் மட்டும் ஊதவேண்டிய இடங்கள் எத்தனையோ. தம் பிரிவில் உள்ள ஆண்களுக்கு அவர் வழிகாட்டவேண்டும். அவர் மூச்செடுக்கும்போது அவர்கள் மூச்செடுக்கவேண்டும். அலுவலகத்தில் பெண்ணை எழுதுவினைஞராக ஏற்றுக்கொண்டு, பணிப்பாளர் கதிரைக்கு வரும்போது மட்டும் ‘அவருடைய சுபாவம் ஒத்துவராது’ என்று சொல்வதைக் கேட்டவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். நாதம் ஒன்றவில்லை என்பது பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஒன்றவேண்டிய நாதம் எது என்பதை நூறு ஆண்டுகளாக ஆண்கள் மட்டுமே இருந்து தீர்மானித்திருந்தார்கள் என்பதையே சொல்கிறோம். வாசிப்பவர் ஆணா பெண்ணா என்று தெரியாதபடி திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்கவைத்துத் தெரிவுசெய்யும் வழக்கம் அமெரிக்க வாத்தியக்குழுக்களில் 1970களிலேயே பரவத் தொடங்கியிருந்தது.

ஒரு சிறு விலகல். பில்ஹார்மோனியின் மண்டபம் அந்நாளில் மேற்குப் பேர்லினின் விளிம்பில், மதிலுக்குக் கிட்டவே நின்றது. அந்த மதிலின் மறுபக்கத்தில், கிழக்குப் பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கே வந்துசேர்ந்த எம்மவர் ஆயிரக்கணக்கில் இருந்தது அதே பத்தாண்டில்தான். எமது பழைய மாணவிகள் சிலரும் அப்படி வந்தவர்கள். ஏற்பார்களா மாட்டார்களா என்று ஒரு கடிதத்துக்காகக் காத்திருப்பது எப்படியிருக்கும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

மையர் அந்தக் கதிரையில் ஒன்பது மாதமளவு இருந்தார். தம்மை விரும்பாத சகாக்களின் நடுவே, அவர்களுடைய மூச்சோடு மூச்சு சேர்த்து வாசித்தார். தகுதிகாண் காலத்தின் முடிவு வரும்முன் தாமே எழுந்து வெளியேறினார். இன்னொரு வாக்கெடுப்புக்கு அவர் இடங்கொடுக்கவில்லை.

வெளியேறிய ஒரு கிளாரினெற் கலைஞருக்குப் போக்கிடம் குறைவு என்பதை இங்கே சொல்லவேண்டும். பியானோவுக்கும் வயலினுக்கும் தனிக் கச்சேரி ஆக்கங்கள் மலைபோல உள்ளன. கிளாரினெற்றுக்கோ மொசாற், வெபர், பிராம்ஸ், நீல்சன் என்று எண்ணத் தொடங்கினால் விரைவில் விரல்கள் போதுமானவை ஆகிவிடும். இதை மட்டும் வாசித்து வாழ்க்கை நடத்தியவர்கள் உலகிலேயே சிலர். அந்த வழியையே அவர் எடுத்தார்.

முதலில் குடும்பத்தையே குழுவாக்கினார். 1983இல் அண்ணனோடும் கணவரோடும் ‘ட்றியோ டி குளறோனே’ என்ற மூவர் குழு தொடங்கியது. மூன்று பஸற் கொம்புகளுக்காக மொசாற் எழுதிய சிறு ஆக்கங்கள் அவர்களுடைய முதற் சொத்து. பஸற் கொம்பு என்பது கிளாரினெற்றின் தாழ்குரல் உறவு; அதிகம் வாசிக்கப்படாமல் கிடந்ததை இவர்கள் மீண்டும் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார்கள். 1988இல் தமது பெயரிலேயே காற்று வாத்தியக் குழுவொன்றை அமைத்தார். நால்வர் குழுக்களோடு சேர்ந்து மொசாற்றின் ஐவர் இசையையும் பிராம்ஸின் ஐவர் இசையையும் ஊரூராக வாசித்தார்.

இந்த இரண்டு ஐவர் இசைக்கும் பின்னால் ஒரு நட்பு இருக்கிறது. மொசாற்றுக்கு அன்ரன் ஸ்ரட்லர் என்ற கிளாரினெற் நண்பர் இருந்தார். அவருக்காகவே 1789இல் ஐவர் இசையும், 1791இல் கிளாரினெற் கொன்செற்றோவும் எழுதப்பட்டன. பிராம்ஸ் இனி எழுதுவதில்லை என்ற எண்ணத்தோடு இருந்த முதுமையில் றிச்சட் மூல்ஃபெல்டின் வாசிப்பைக் கேட்டு, 1891இல் மீண்டும் பேனாவை எடுத்தார். வாசிப்பவர் ஒருவர் இல்லாவிட்டால் இந்த வாத்தியத்துக்கு இலக்கியமே இல்லை. சபீனே மையருக்கும் அப்படியே நேர்ந்தது. பிரான்சின் ஜான் பிறான்ஸே, ரஷ்யாவின் எடிசன் டெனிசோவ், ஜேர்மனியின் மன்பிறெட் றோயான், அறிபேர்ட் றைமன் முதலானோர் அவருக்காகப் புதிதாக எழுதினார்கள்.

மொசாற்றின் கொன்செற்றோவை அவர் வாசிக்கும் விதத்தைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. ஸ்ரட்லரின் வாத்தியம் சாதாரண கிளாரினெற்றைவிட நீளமானது. கீழே நான்கு அரைச்சுரங்கள் கூடுதலாக இறங்கும். மொசாற் அந்தக் கீழ்ச் சுரங்களை நினைத்தே எழுதினார். 1791 ஒக்டோபரில் பிராக் நகரில் அது வாசிக்கப்பட்டது. டிசெம்பர் 5ஆம் திகதி மொசாற் இறந்துவிட்டார். கையெழுத்துப் பிரதி தொலைந்துபோனது. 1801இல் அச்சில் வந்தபோது, அந்த நீள வாத்தியம் எவரிடமும் இல்லை என்பதால், கீழ்ச் சுரங்களை மேலே தூக்கி எழுதிவிட்டார்கள். தாழ்ந்து இறங்கிய வரிகள் திடீரென்று மேலே துள்ளி, கதவில் தலை இடித்தவர்போலத் திரும்பும் இடங்கள் அதனால் வந்தவை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் அதையே மொசாற் என்று கேட்டது. இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர்கள் பழைய வரிகளை மீட்டெடுக்க, கைவினைஞர்கள் நீளமான பஸற் கிளாரினெற்றை மீண்டும் செய்தார்கள். மையர் அதனைக் கையிலெடுத்து உலக மேடைகளில் பழக்கமாக்கினார். அவருடைய பதிவைக் கேட்பவர்கள், மெதுவான நடுப்பகுதியை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்தவேண்டாம். முதற்பகுதியில் குரல் கீழே இறங்கி அடியில் தொட்டு நிற்கும் இடங்களைக் கவனியுங்கள். தொலைந்த சுரங்கள் அங்கேதான் இருக்கின்றன.

அந்தக் கொன்செற்றோவை அவர் 1990 அளவில் டிறெஸ்டன் குழுவோடு ஒருமுறை பதிவுசெய்திருந்தார். மறுமுறை பதிவுசெய்தது எவரோடு தெரியுமா? பேர்லின் பில்ஹார்மோனிக்கோடு! கராஜன் 1989இல் பதவி துறந்து, சில மாதங்களில் காலமாகிவிட்டார். அவருக்குப் பின் உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த குளோடியோ அபாடோவே அந்தப் பதிவை நடத்தினார். பின்பு சைமன் றட்டிலின் கீழ் நீல்சனின் கொன்செற்றோவையும் அதே குழுவோடு பதிவுசெய்தார். குழுவின் நடுவே ஒரு கதிரையில் அமர மறுக்கப்பட்டவர், குழுவின் முன்னால் நின்று வாசித்தார். இதனைப் பழிவாங்கல் என்று எழுதுவோர் உண்டு. எமக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல வாத்தியக்காரர்கள் நல்ல வாத்தியக்காரரோடு வாசிக்க விரும்பியிருக்கிறார்கள்; அவ்வளவே.

1993இல் வட ஜேர்மனியின் லூபெக் இசைப் பல்கலைக்கழகத்தில் அவரும் கணவரும் பேராசிரியர்களானார்கள். அங்கு உருவான மாணவர்களைப் பட்டியலிட்டால் பக்கம் போதாது. செபஸ்ரியன் மான்ஸ் என்பவர் 2008இல் மியூனிக்கின் வானொலிப் போட்டியில் கிளாரினெற்றுக்கான முதற்பரிசு பெற்றபோது, அந்தப் பரிசு நாற்பது ஆண்டுகளாக எவருக்கும் கொடுக்கப்படாமல் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறோம். ஷேர்லி பிறில், அனலீன் வான் வவ் போன்ற பெண்களும் அந்த வகுப்பிலிருந்து வந்து இன்று தனிக் கலைஞர்களாக வாசிக்கிறார்கள்.

வாத்தியக்குழுக்களில் நிலைமை மாறத்தான் செய்தது. ஆனால் ஆமை வேகத்தில். வியன்னா பில்ஹார்மோனிக் 1997 வரை எந்தப் பெண்ணையும் உறுப்பினராக ஏற்கவில்லை. அதன் யாழ்க் கலைஞர் அன்னா லெல்கெஸ் பல ஆண்டுகள் அங்கே வாசித்தபின்பே உறுப்பினர் என்ற பெயரைப் பெற்றார். பேர்லினில் 2023இல்தான் முதன்முறையாக ஒரு பெண், வினேற்றா சரைக்கா, முதல் வயலின் தலைமைக் கதிரையில் அமர்ந்தார். மையரின் வாக்கெடுப்புக்கும் அதற்கும் இடையில் நாற்பது ஆண்டுகள்.

மூவர் குழுவின் அண்ணன் வொல்வ்காங் மையர் 2019 மார்ச்சில் காலமானார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக மூச்செடுத்தவர்கள்.

இன்னொன்றையும் குறித்துவைக்கவேண்டும். 2003இல் அபாடோ சுவிற்சர்லாந்தின் லூசேர்ன் நகரில் புதியதொரு விழாக் குழுவை அமைத்தார். தேர்வு இல்லை, வாக்கெடுப்பு இல்லை. சேர்ந்து வாசிக்க விரும்பும் நண்பர்களை அழைத்தார். உலகப் புகழ்பெற்ற தனிக் கலைஞர்களும் நால்வர் குழுக்களின் உறுப்பினர்களும் கோடை காலத்தில் அங்கே சென்று, கூட்டத்தில் ஒருவராக அமர்ந்தார்கள். அந்தக் கச்சேரிகளின் படப்பதிவுகள் இன்றும் கிடைக்கின்றன. மாலரின் பெரிய சிம்பொனிகளின் போது கமரா காற்று வாத்திய வரிசைக்குத் திரும்பும். முதல் கிளாரினெற் கதிரையில் சபீனே மையர் இருப்பார். தமது முறை வரும்வரை வாத்தியத்தை மடியில் வைத்து, பக்கத்தில் ஓபோ வாசிப்பவரைக் கேட்டுக்கொண்டிருப்பார்.